பண்ணைக் கரையில் பறங்கியர் தடம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் விட்டுப்போனவற்றில் இன்று எதைப் பார்க்கலாம்? (வாசகர், இணுவில்)

பதில்: பண்ணைக் கடல்நீரேரிக் கரையிலுள்ள கோட்டையின் தொடக்கம் அவர்களுடையது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பிலிப் டி ஒலிவேரா, ஆட்சி இருக்கையை நல்லூரிலிருந்து இக்கரைக்கு மாற்றினான். அன்று எழுந்தது நாற்சதுரக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாகக் கட்டினர். ஆகவே இன்று காணும் மதில் பெரும்பாலும் ஒல்லாந்தர் வேலையே. அதன் முருகைக்கற்களை நெருங்கி நின்று பார்ப்பது அவசியம். உள்ளே 1706இல் எழுந்த அழகிய தேவாலயம் போரில் அழிந்தது பேரிழப்பு. மாலையில் மதில்மேல் நடந்தால் பண்ணைப் பாலமும் நீரேரியும் விரியும். கல்லைவிடச் சொல்லிலேயே போர்த்துக்கேயர் அதிகம் தங்கியுள்ளனர்: இணுவில் வீடுகளின் அலுமாரி, கதிரை, யன்னல், வாசலில் கழற்றும் சப்பாத்து எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை.