எழுத்தரும் மின்பணியாளரும்

பத்தாம் வகுப்பில் தேறிய மாணவன் முன் வழிகள் பல விரிகின்றன. அவற்றுள் இரண்டினை ஈண்டு எடுத்து நோக்குவோம். ஒன்று, அரசு அலுவலகத்தில் அமர்ந்து கோப்புகளைக் கவனிக்கும் இளநிலை உதவியாளர் பணி. முன்னையோர் இதனைக் குமாஸ்தா உத்தியோகம் என்பர். மற்றொன்று, மின்பணியாளர் தொழில். இவ்விரண்டனுள் வருவாய் மிக்கது யாது என்னும் வினாவிற்கு, முதல் மாதச் சம்பளத்தை மட்டும் கொண்டு விடை கூறுதல் பொருந்தாது.

‘அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்’ என்பது பழமொழி. அதனைப் பொய்யென்று தள்ளுதற்கில்லை. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு ஊதிய விதிகளின்படி இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதனோடு அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். ஆண்டுதோறும் நூற்றுக்கு மூன்று வீதம் ஏற்றமும் உண்டு. காய்ச்சலில் படுத்தாலும் அவருக்குச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகப் புகுந்தோர் துறைத்தேர்வுகளில் தேறித் துணை வட்டாட்சியராகவும் வட்டாட்சியராகவும் உயர்தல் கண்கூடு. பெண் கொடுப்போர் இவ்வுத்தியோகத்தை நாடுவதும் வியப்பன்று.

ஆயின், அவ்வாயில் மிகக் குறுகியது. தேர்வாணையம் 2024இல் நடத்திய நான்காம் தொகுதித் தேர்விற்கு விண்ணப்பித்தோர் 20 இலட்சத்திற்கு மேற்பட்டோர். முதலில் அறிவிக்கப்பெற்ற இடங்களோ 6,244. பின்னர் அவ்வெண் 9,000க்கு மேல் உயர்த்தப்பட்டது. அதன் பின்னும் ஓரிடத்திற்கு இருநூற்றுவர்க்கு மேல் நின்றனர். பத்தாம் வகுப்பே தகுதி எனினும், பட்டம் பெற்றோரும் பொறியியல் கற்றோரும் பெருந்திரளாக வந்து போட்டியிடுகின்றனர். அத்தேர்வின் 200 வினாக்களுள் 100 தமிழ் பற்றியன. தமிழாசிரியனாகிய எனக்கு இது மகிழ்ச்சியே. எனினும் தமிழ் கற்றாரெல்லாம் எழுத்தராதல் வேண்டும் என்பது அதன் பொருளன்று.

இனி, காத்திருத்தலின் விலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வு ஒன்றையே நம்பி வேறு தொழில் செய்யாது ஐந்தாண்டு வீட்டிலிருப்பவன் எவ்வளவு இழக்கிறான்? மாதம் 15,000 ரூபாய் ஈட்டக்கூடியவன் எனக் கொள்வோம். ஐந்தாண்டில் 9 இலட்சம் ரூபாய் ஆகிறது. இடம் கிடைத்தவனுக்கு இவ்விழப்பு நாளடைவில் ஈடாகலாம். கிடையாதவனுக்கோ பணமும் போயிற்று, இளமையும் போயிற்று. கைத்தொழில் பழகும் பருவமும் கடந்தது. பெற்றோர் பலர் சம்பளப் பட்டியலை நோக்குகின்றனரேயன்றி இக்கணக்கை நோக்குவதில்லை.

மின்பணியாளர் தொழிலுக்கு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஈராண்டுப் பயிற்சி அளிக்கின்றனர். கம்பி இணைத்தல், மோட்டார் சுற்றுதல், பழுது கண்டறிதல் முதலியன ஆங்குக் கற்பிக்கப்படும். பயிற்சி முடித்தோர், 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகுதலும் கூடும். இங்குத் தொடக்க ஊதியம் சிறிது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர்க்கு வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. கட்டட வேலை நின்றால் வருவாயும் நிற்கும். இடர் வேறு உண்டு. மின்னோட்டம் நிறுத்தப்பட்டதா என்று சோதியாமல் கை வைத்தவர் உயிரிழந்த செய்திகள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. எழுத்தர்க்கு அவ்வச்சம் இல்லை.

எனினும், கைத்திறனும் நாணயமும் உடையவர் சில ஆண்டுகளில் தாமே வேலை ஏற்று நடத்துகின்றனர். அன்று முதல் அவர் வருவாய்க்கு ஊதிய விதிகள் எல்லை கட்டுவதில்லை. விளக்கும் விசிறியும் மட்டுமே வேலையாக இருந்த காலம் மாறிவிட்டது. கூரைமேல் சூரிய ஒளித் தகடு அமைப்பதற்கு 2024 முதல் நடுவண் அரசு, ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு மானியம் வழங்கி வருகிறது. மின்னேற்றம் பெறும் வண்டிகளும் பெருகுகின்றன. இவற்றையெல்லாம் இணைக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டுமன்றோ?

இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று அடைப்பன அல்ல. தொழிற்பயிற்சி பெற்றுப் பொருளீட்டும் இளைஞன், பத்தாம் வகுப்புத் தகுதிகொண்டு மாலையிற் படித்து நான்காம் தொகுதித் தேர்வையும் எழுதலாம். மின்வாரியக் கள உதவியாளர் பணிக்கும் அவன் விண்ணப்பிக்கலாம். அப்பணிக்குத் தொழிற்பயிற்சிச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்று மட்டும் உடையவன் அதற்கு விண்ணப்பித்தல் இயலாது.