இல்லாத கருவிக்கு ஒரு முகவரி

ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியை இயக்க முடியுமா? முடியும். உள்ளே இயங்கும் கணிப்பொறிக்குத் தனியாகச் செயலி இல்லை. நினைவகச் சில்லும் இல்லை. எல்லாம் வெளிக் கணிப்பொறியில் ஓடும் ஒரு நிரலின் வேலை. இத்தகைய நிரலை 'எமுலேட்டர்' என்பர். அது உருவாக்கும் கணிப்பொறியை நாம் பாவனைக் கணிப்பொறி என்று அழைப்போம். கம்பியும் ஈயப் பற்றும் இன்றி அதில் ஒரு புதிய கருவியைப் பொருத்துவது எப்படி என்று காண்போம்.

தபால் பெட்டியும் பதிவகமும்

கீரிப்பாறையிலிருந்து ஒருவர் நாகர்கோவிலுக்குக் கடிதம் அனுப்புகிறார் எனக் கொள்வோம். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. அதை எடுத்துச் செல்வது பஸ்ஸா, சைக்கிளா என்று அவர் அறிய வேண்டியதில்லை.

பல செயலிகள் கருவிகளோடு பழகும் முறையும் இதுவே. அவை செய்வன இரண்டே: ஒரு முகவரியில் எண்ணை எழுதுதல், ஒரு முகவரியிலிருந்து எண்ணைப் படித்தல். பெரும்பாலான முகவரிகள் நினைவகத்தைச் சேரும். சில முகவரிகள் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். கருவியின் இத்தகைய எண் அறைக்குப் 'பதிவகம்' என்று பெயர்.

பெட்டிக்குப் பின்னால் இருப்பது செயலிக்குத் தெரியாது அல்லவா? எமுலேட்டர் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான். செயலி கேட்கும் முகவரி நினைவகத்தைச் சேர்ந்ததா, கருவியைச் சேர்ந்ததா என்று அது பார்க்கிறது. கருவியுடையது என்றால், அக்கருவிக்காக எழுதப்பட்ட சிறு நிரலை அழைக்கிறது. விடை சரியாக வந்தால் போதும். செயலியைப் பொறுத்தவரை கருவி இருக்கிறது!

சென்னையில் பிறந்த 'சக்தி'

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான செயலிக் குடும்பம் 'சக்தி'. 2018-இல் சக்தி சில்லுகள் லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிக் காட்டின. ஃபாபிரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-இல் வெளியிட்ட 'க்யூஎமு' என்பது புகழ்பெற்ற எமுலேட்டர். 2021-இல் அதில் சக்தியின் 'சி' வகைச் செயலி கொண்ட பாவனைக் கணிப்பொறியும் சேர்க்கப்பட்டது. அதனால், சக்திப் பலகை கையில் இல்லாதவரும் அதற்கு நிரல் எழுதிப் பார்க்க வழி பிறந்தது.

அந்தப் பாவனையில் எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பும் 'யுவார்ட்' என்னும் கருவி உண்டு. பதினாறடிமான எண்முறையில் அதன் முகவரி 11300-இல் தொடங்குகிறது. எழுத்தை அனுப்பும் பதிவகம் 4 தள்ளி, 11304-இல் உள்ளது. 'அ' வகுப்பு மாணவன் 'A' என்ற எழுத்துக்குரிய எண்ணான 65-ஐ அங்கே எழுதினால், அந்த எழுத்து வெளிக் கணிப்பொறியின் திரையில் தோன்றும்.

நாமே ஒரு மழைமானி

இனி நாமே ஒரு கருவியைச் சேர்ப்போம். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. எனவே ரப்பர் தோட்டத்துக்கு மழைமானி பயன்படும். அதில் சிறு சாய்கிண்ணம் ஒன்று உண்டு. 0.2 மி.மீ. மழைக்கு ஒரு முறை கிண்ணம் சாயும். சாயும்போது ஒரு காந்தம் சுவிட்சை மூடித் திறக்கும். அதைப் பாவனையில் சேர்க்கும் படிகள் இவை:

1. வேறு எந்தக் கருவிக்கும் தராத முகவரிப் பகுதியை ஒதுக்குக.

2. பதிவகங்களை முடிவு செய்க. முதல் முகவரியில் சாய்வுகளின் எண்ணிக்கை. 4 தள்ளி, எண்ணிக்கையைச் சுழியாக்கும் பதிவகம்.

3. 'படி', 'எழுது' என இரு சிறு நிரல்களை எழுதுக. செயலி படித்தால் முதலாவதும், எழுதினால் இரண்டாவதும் வேலை செய்யும்.

4. கணிப்பொறியின் கருவிப் பட்டியலில் மழைமானியைச் சேர்க்க.

5. மழை எங்கிருந்து வரும்? சாய்வு நேரங்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, கருவி அதைப் படிக்கும்படி செய்க.

இதன் பயன் என்ன? எண்ணிக்கைப் பதிவகம் 8 பிட் கொண்டது என்போம். அது காட்டக்கூடிய பேரெண் 255. அதாவது 51 மி.மீ. மழை. 256-ஆம் சாய்வில் அது மீண்டும் சுழியாகும். கொட்டும் மழையில் 'மழையே இல்லை' என்று நிரல் அறிவிக்கும்! இப்பிழையைக் காணப் பெருமழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடை வெயிலிலேயே 300 சாய்வுகளைக் கோப்பில் எழுதிச் சோதிக்கலாம்.

பாவனையின் எல்லை

ஆனால் ஓர் எச்சரிக்கை. உண்மைச் சுவிட்ச் மூடும்போது அதன் உலோகத் தகடுகள் ஒரு கணம் துள்ளும். ஒரு சாய்வு இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணப்படலாம். பாவனைச் சுவிட்ச் துள்ளாது. நாம் துள்ளச் சொன்னால்தான் துள்ளும்.

யுவார்ட்டும் அப்படியே. நொடிக்கு 19,200 பிட் வேகத்தில், எழுத்துக்கு 10 பிட் வீதம், நொடிக்கு 1,920 எழுத்துகளே கம்பியில் செல்லும். பாவனையிலோ எழுத்து உடனே போய்விடும். 'இடம் இருக்கிறதா?' என்று நிலைப் பதிவகத்தைப் பார்க்காமல் எழுதும் நிரல் பாவனையில் வெற்றி பெறும். உண்மைப் பலகையிலோ எழுத்துகளைத் தொலைக்கும்.

ஆகவே பாவனைக் கருவி அறிவது, அதை எழுதியவர் அறிந்ததை மட்டுமே. உண்மைக் கருவியின் இயற்பியலை நன்கு கற்றவரே நல்ல பாவனைக் கருவியைப் படைக்க முடியும்.

சிந்திக்க: எண்ணிக்கைப் பதிவகம் 16 பிட் கொண்டதானால், எத்தனை மி.மீ. மழை வரை பிழையின்றி எண்ணும்?