பலகைச் சுவர்: மூடுவதா, வர்ணம் பூசுவதா?



தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போதும், தைப்பொங்கல் நெருங்கும்போதும் நமது லயங்களில் ஒரே பேச்சுத்தான்: "இந்த வருசமாவது வீட்டுக்கு ஏதாச்சும் செய்யணும்." கல்லுச் சுவர் என்றால் சுண்ணாம்பு அடித்தால் பாதி வேலை முடிந்தது. பலகைச் சுவர் அப்படியல்ல. இஸ்தோப்பை அடைத்து ஒரு காம்பரா எடுத்தவர்களும், பின்பக்கம் அடுப்படி இறக்கியவர்களும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி பலகை அடித்துச் சுவர் வைத்தவர்களும் பத்துப் பதினைந்து வருசம் போனதும் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். பழைய பலகையைச் சுரண்டி மறுபடி வர்ணம் பூசுவதா? இல்லை, அதன் மேலேயே தகரமோ சீமெந்துத் தகடோ அடித்து மூடிவிடுவதா?

"மூடிட்டா ஒரேயடியா தொல்லை விட்டுச்சு" என்பார் ஒருவர். "மூடுனா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பலகைக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஈரத்தைத் தேடுவோம்

பலகையைக் கெடுப்பது வயது அல்ல, காயாத ஈரம். மழையில் நனைந்தாலும் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும் பலகை பல காலம் நிற்கும். நனைந்தபடியே கிடக்கும் பலகை சில வருசத்திலேயே உளுத்துவிடும். நோர்வூட் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. அதனால் நம்ம ஊரில் பலகை நனையாமல் இருக்காது. நனைந்தது காய வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கூரை. தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகள், பீலி உடைந்த இடம், கூரையும் சுவரும் சேரும் மூலை.

இரண்டு, ஜன்னலும் கதவும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீர் இறங்குகிறதா?

மூன்று, அடிப்பலகை. அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் எந்த வர்ணமும் அதைக் காப்பாற்றாது. மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே அரை அடியாவது இடைவெளி வேண்டும். கூரைத் தண்ணீர் கீழே விழுந்து தெறித்தாலும் அடிப்பலகை கெடும். கான் அடைத்திருந்தால் முதலில் கானை வெட்டுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நான்கு, வீட்டின் உட்பக்கம். அடுப்படி ஆவியும், மழைக்காலத்தில் உள்ளே காயப்போடும் ஈரத்துணியும் சுவரை உள்ளிருந்தே நனைக்கும். பூஞ்சணம் பிடித்த காம்பராவில் படுக்கும் பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் விடாமல் வருவதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

கத்தி முனை சொல்லும் சேதி

அடுத்து ஒரு சின்னக் கத்தியின் முனையால் பலகையைக் குத்திப் பாருங்கள். அடிப்பலகை, மூலை, ஜன்னலுக்குக் கீழே, பலகையின் வெட்டு முனை, இவைதான் முதலில் கெடும். கத்தி இறங்காமல் நின்றால் பலகை நல்லது. வர்ணம் உரிந்திருந்தாலும் கவலையில்லை. வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கினால் உளுத்துவிட்டது. தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்டு, மண் கோடு ஓடியிருந்தால் கறையான் வேலை.

கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுப்போன கட்டையை விட்டுவைத்து வெட்டினால் செடி தேறாது. நல்ல மரம் தெரியும் வரை வெட்ட வேண்டும். சுவரும் அப்படித்தான். கெட்ட பலகையைக் கழற்றி, நல்ல பலகை வைத்த பிறகுதான் வர்ணமோ தகரமோ.

மூடினால் என்ன ஆகும்?

உளுத்த பலகையை மூடுவது புண்ணைத் துடைக்காமல் துணி சுற்றுவது மாதிரி. வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஈரம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இது நமது மலையகத்துக்கு மட்டும் உள்ள கதையல்ல. பலகை வீடுகளுக்குப் பேர்போன நியூசிலாந்தில் 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் மரச்சட்டத்தின் மேல் வழவழப்பான புது மேலுறை போட்டு ஏராளமான வீடுகள் கட்டினார்கள். தண்ணீர் உள்ளே போக இடுக்கு இருந்தது; போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. மரம் உள்ளுக்குள்ளேயே அழுகியது. அப்படிக் கெட்ட வீடுகள் சுமார் 42,000 இருக்கும் என்று 2009ல் வந்த ஓர் அறிக்கை கணக்கிட்டது. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டுக்கே இந்தக் கதி.

ஆகவே மூடுவதென்றால் முறையாக மூட வேண்டும். பலகையின் மேல் நேராகத் தகரத்தை அடிக்கக்கூடாது. முதலில் மேலிருந்து கீழாக ரீப்பை அடித்து, அதன் மேல் தகரம் அடித்தால் நடுவே காற்றோட ஓர் இடைவெளி கிடைக்கும். குளிர் இரவில் தகரத்தின் உட்புறம் வேர்க்கும். அந்தத் தண்ணீர் கீழே வடிந்து போக அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். மின்சார வயர் ஓடும் இடத்தில் ஆணி அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் தகடுகளை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதையும் கொண்டுபோய்விடும்.

அஸ்பெஸ்டஸ் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடுக்க இலங்கை அரசாங்கம் எண்ணியிருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று சொல்லி, அஸ்பெஸ்டஸ் அனுப்பும் ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. அந்தத் தடுப்பும் தள்ளிப்போனது. நாம் பறித்த கொழுந்துக்கும் நமது சுவரில் அடிக்கும் தகட்டுக்கும் இப்படியும் ஒரு தொடர்பு! கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது நல்லதாகிவிடாது. அஸ்பெஸ்டஸ் கலக்காத தகடுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வர்ணம் பூசினால்?

வர்ணத்தின் பெரிய நன்மை, சுவர் நமது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எங்கே உரிகிறதோ அங்கே ஈரம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு பலகை கெட்டால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். சில வருசத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருப்பது அதன் குறை.

ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயில் காலத்தில், பலகை நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். உரிந்ததைச் சுரண்டி, பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு. தண்ணீர் அதிகம் உறிஞ்சுவது பலகையின் வெட்டு முனைதான். அங்கே தாராளமாகப் பூசுங்கள். பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிய பலகையில் பிறகு வர்ணம் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுரண்டும்போது ஒரு கவனம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். நமது நாட்டில் வர்ணத்தில் ஈயத்துக்கு எல்லை வகுத்த கட்டளை 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே ஈரத்துணியால் நனைத்து, உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தூர அனுப்புங்கள். தூளைக் கூட்டி அள்ளிக் கட்டி வையுங்கள். கழற்றிய வர்ணப் பலகையை, "விறகுதானே" என்று அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகையும் நஞ்சு.

எத்தனை வருசம் இருக்கப் போகிறோம்?

கணக்கை வருசத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, மூடுவதற்கு வர்ணத்தைப்போல நான்கு மடங்கு செலவு, வர்ணம் ஐந்து வருசம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மூடிய சுவர் இருபது வருசம் நின்றால்தான் கணக்கு சரியாகும். நாம் அந்த வீட்டில் இருபது வருசம் இருப்போமா?

2017 மே 12ந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நமது நோர்வூட் மைதானத்தில் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு அடிக்கல் விழுந்தது 2024 பெப்ரவரியில். வரப்போகும் வீட்டை நம்பி இருக்கும் வீட்டை மழைக்கு விட்டுவிடவும் முடியாது. விட்டுப் போகப்போகும் சுவரில் சேமிப்பு முழுவதையும் ஆணி அடிக்கவும் கூடாது. புது வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் கெட்ட பலகையை மாற்றி வர்ணம் பூசினால் போதும். நீண்ட காலம் இருப்பவர்கள், பலகை நல்ல நிலையில் இருந்து, மழை நேராக அடிக்கும் பக்கம் மட்டும் தொல்லை கொடுத்தால், அந்தப் பக்கத்தை மட்டும் முறையாக மூடலாம். எதுவானாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கதவு திடீரென்று இறுகினால், தூண் சாய்ந்தால், வீட்டுக்கு மேலே மண் வெடித்தால், அது வர்ணத்துக்கோ தகரத்துக்கோ உரிய வேலையல்ல. மலை நகர்கிறது. குடும்பத்தோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

வீட்டில் கலந்து பேசுவோம்

1. நமது சுவருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? அதை நிறுத்திவிட்டோமா?
2. எத்தனை பலகையில் கத்தி இறங்கியது?
3. இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருசம்?
4. மூடினால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வைத்திருக்கிறோமா?

இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பாஸ் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கும் தகரமும் வீண், வர்ணமும் வீண். பதில் தெரிந்துவிட்டால், சில வீடுகளில் கானை வெட்டி, பீலியைச் சரிசெய்து, இரண்டு பலகையை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். மிச்சப் பணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும்.