ஒரே நாள் வித்தியாசம்: பிறப்புச் சான்றிதழ் சட்டம் எப்படி வந்தது?

கம்பைநல்லூரில் 2023 செப்டம்பர் 30 அன்று ஒரு குழந்தை பிறக்கிறது. மறுநாள் பக்கத்து வீட்டில் இன்னொரு குழந்தை. இரண்டு பேருக்கும் பின்னாளில் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக்கூடக் காட்டலாம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். ஒரே நாளில் இவ்வளவு வித்தியாசமா? ஆமாம். இதற்குக் காரணமான சட்டம் டெல்லியில் எப்படி நகர்ந்தது என்று பார்த்தாலே நாடாளுமன்றம் புரிந்துவிடும்.

நாடாளுமன்றம் என்பது மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் மூன்றும் சேர்ந்தது. மக்களவையில் 543 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 39. கம்பைநல்லூர்க்காரர்கள் ஓட்டுப் போடுவது தர்மபுரி தொகுதி எம்.பி.க்கு. மாநிலங்களவைக்கு நம் மாநிலத்தில் இருந்து 18 பேர். அவர்களைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள். அதனால் சட்டமன்றத் தேர்தலில் நீங்கள் போடும் ஓட்டுக்கும் டெல்லியில் மறைமுகமாக ஒரு வேலை இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இப்போது நம்ம சட்டத்துக்கு வருவோம். பிறப்பு, இறப்பைப் பதிவு செய்வதற்கான மூலச் சட்டம் 1969-இல் வந்தது. அதைத் திருத்த ஒரு வரைவு தயாராகி, 2021-இல் பொதுமக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. உங்களில் எத்தனை பேர் அப்போது அதைப் பார்த்தீர்கள்? கவனிக்க வேண்டிய கட்டம் அதுதான். வரைவில் வாசகத்தை மாற்றுவது சுலபம். அவைக்குள் போய்விட்டால் திருத்தம் கொண்டுவர ஓர் எம்.பி. வேண்டும்.

2023 ஜூலை 26 அன்று மசோதா மக்களவையில் அறிமுகமானது. எந்த மசோதாவுக்கும் ஒவ்வோர் அவையிலும் மூன்று ‘வாசிப்பு’ உண்டு. பெயர்தான் வாசிப்பு, யாரும் உட்கார்ந்து முழுசா வாசிப்பதில்லை. முதலாவது அறிமுகம். இரண்டாவதில் பொது விவாதமும், பிரிவு பிரிவாக ஒப்புதலும். மூன்றாவது இறுதி வாக்கெடுப்பு. நடுவில் மசோதாவை ஒரு குழுவுக்கு அனுப்பலாம். குழு நிபுணர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும், பொதுமக்களிடமும் எழுத்தில் கருத்து கேட்கலாம். ஆனால் இது கட்டாயம் இல்லை. இந்த மசோதா குழுவுக்குப் போகவில்லை. மணிப்பூர் பிரச்சினையால் அவைகளில் அமளி நடந்துகொண்டிருந்த கூட்டத்தொடர் அது. ஆகஸ்ட் 1 அன்று மக்களவையிலும், ஆகஸ்ட் 7 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். அறிமுகத்திலிருந்து மொத்தம் 16 நாள்! பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஒரு சட்டத்துக்கு இந்த அவகாசம் போதுமா என்று கேட்பது நியாயம்தான்.

இரண்டு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். சாதாரண மசோதாக்களுக்காக 1961, 1978, 2002 என மூன்று முறைதான் அது நடந்திருக்கிறது.

ஒப்புதல் கிடைத்ததுமே சட்டம் அமலுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து என்பதை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். அப்படி வந்ததுதான் 2023 அக்டோபர் 1. அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. சட்டத்துக்கு ஏற்ப விதிகளை அந்தந்தத் துறை மாற்ற வேண்டும். பாஸ்போர்ட் விதிகள் 2025 பிப்ரவரியில்தான் மாறின. நம் பையில் இருக்கும் காகிதம் செல்லுமா செல்லாதா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது இந்த விதிகள்தான்.

அடுத்த மசோதாவை முன்கூட்டியே பார்க்க உங்கள் போனே போதும். ‘சன்சத்’ இணையதளத்தில் மசோதாக்களின் பகுதிக்குப் போனால், அறிமுகமான மசோதாவின் வாசகமும் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் இருக்கும். தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அந்தக் குறை இருக்கிறது. வரைவு நிலையில் இருப்பவை அந்தந்த அமைச்சகத்தின் இணையதளத்தில் வரும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஓர் ஆண்டைத் தாண்டினால் ஆட்சியர், கோட்டாட்சியர் போன்றவர்களின் உத்தரவு வேண்டும். குழந்தை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிவு நடக்கும். தர்மபுரி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கம்பைநல்லூர் பேரூராட்சி அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம்.