குயிலைக் கூப்பிடப் பழகுகிறவர்களுக்கு

அசோக் நகர் அவென்யூக்களில் விடியற்காலை என்னோடு நடக்க வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. முதல் ஒரு வாரம் வாயைத் திறக்காதீர்கள், காதை மட்டும் கொடுங்கள். 'கூ...ஊ' என்று ஏறிக்கொண்டே போவது ஆண்: கரிய உடல், சிவந்த கண். பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இலைக்குள் ஒளிந்து 'கிக் கிக்' என்று படபடப்பது பெண். இந்த இரண்டையும் பிரித்தறியாதவர் கூப்பிட வேண்டாம்.

2. தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். நாம் பதில் கொடுக்கக் கொடுக்க ஆண்குயில் சுருதியை ஏற்றும், உச்சத்தில் சட்டென்று அறுத்துவிடும். சிறுவயதில் இதை விளையாட்டு என்று நினைத்தோம். அதற்கோ, தன் மரத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆண் வந்துவிட்ட பதற்றம். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

3. கைபேசியில் பதிந்த குரலை ஒலிக்கவே கூடாது. நமக்கு மூச்சு வாங்கும், நிறுத்திவிடுவோம். கருவிக்கு அது இல்லை.

4. பருவத்தின் கடைசியில்தான் பொறுமை அதிகம் வேண்டும். ஆடி பிறந்தால் பதில் குறையும். வராத பதிலுக்காகச் சத்தத்தைக் கூட்டுவதுதான் புதியவர் செய்யும் தவறு. வேட்டைக்காரர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். கனடாவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடுகிறவர்கள், பூர்ச்ச மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டிப் பெண் மான்போலக் குரல் கொடுப்பார்கள். இணைசேரும் காலம் முடியும்போது களைத்த ஆண் பதில் சொல்லாமலே மெல்ல நடந்து வரும். அதனால் கடைசி நாட்களில் குறைவாகக் கூப்பிட்டு, நெடுநேரம் அசையாமல் காத்திருப்பார்கள். குரலால் வரவழைத்த இன்னொரு கதையும் உண்டு. 1938 நவம்பர் கடைசியில் இமயமலையில் குமாவோனின் தாக் என்ற ஊரில், துணை தேடிக் குரல் கொடுத்த ஆட்கொல்லிப் பெண்புலிக்கு வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ஆண்புலியாகப் பதில் கொடுத்தார். அவர் தனக்கு விதித்துக்கொண்ட கெடுவின் கடைசி மாலை அது. அந்தப் புலி வந்தது, சுடப்பட்டது. ஊர் பிழைத்தது, சரிதான். ஆனால் துணையின் குரல் என்று நம்பி வந்த அந்த நடையை என்னால் மறக்க முடிவதில்லை.

5. நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. பழக்கிய விலங்கைக் கட்டிவைத்து அதன் இனத்தை வரவழைப்பதற்குப் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கும். கூண்டுக் கவுதாரியை வைத்துக் காட்டுக் கவுதாரியைப் பிடித்ததும் இதே வழிதான். 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று அது குற்றம். நாம் பிடிக்கப் போவதில்லை என்றாலும் ஏமாற்றுவது அதே குரலால்தான்.

6. கிண்டிப் பூங்காவுக்குள் போனால் விசிலே வேண்டாம்.

7. ஆனி, ஆடியில் காக்கைகளைக் கவனியுங்கள். ஒரு காக்கை தன் சாயல் இல்லாத குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் அது குயில் குஞ்சாக இருக்கும். அப்போது மரத்தடியில் நின்று கூவாதீர்கள். பெரிய குயிலின் குரல் கேட்டால் காக்கை ஊட்டுவதை விட்டுவிட்டு விரட்டப் பாயும். குஞ்சு வாய் பிளந்தபடியே கிளையில் காத்திருக்கும்.