நேரலையில் படம் விட்டு விட்டு வருவது ஏன்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் வாணிபம் செய்யும் நமது உறுப்பினர்களில் சிலர், காலை வேளையில் கம்ப்யூட்டரில் கேமராவைப் பொருத்தி அன்று வந்திறங்கிய சரக்கை யூடியூபில் நேரலையாகக் காட்டி வருகிறார்கள். மண்ணூரில் இருந்தபடியே துவரம் பருப்பின் ரகத்தையும், உடைசல் எவ்வளவு என்பதையும், மூட்டையின் எடையையும் சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரருக்குக் காட்டிவிடலாம். அவர் கடையைப் பூட்டிவிட்டு வண்டியெடுத்து வர வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இப்பகுதியில் பெருகிய தொழிலாளர் விடுதிகளுக்கு மளிகை வாங்குவோருக்கும் இது வசதிதான்.

ஆனால் படம் ஒழுங்காக ஓடாவிட்டால் வியாபாரம் வளராது, சந்தேகம்தான் வளரும். மூட்டையை எலக்ட்ரானிக் தராசில் வைக்கிறோம். எண் ஏறி 50-ல் நிற்பதை வாங்குபவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவே படம் இரண்டு விநாடி உறைந்து நின்று, திடீரென்று 50 என்று காட்டினால், "இடையில் என்ன நடந்தது?" என்று அவர் கேட்கத்தான் செய்வார். கேட்பது அவர் உரிமை. எனவே இதைச் சிறு பிள்ளைகள் சமாசாரம் என்று தள்ளிவிடாமல், தராசு முத்திரையைக் கவனிப்பது போலவே கவனிக்க வேண்டும்.

அசையும் படம் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் நிழற்படங்களின் தொகுப்பே. ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். சினிமாவுக்கு விநாடிக்கு 24 பிரேம். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது நாம் பார்த்தது விநாடிக்கு 25. கம்ப்யூட்டர் நேரலையில் பெரும்பாலும் 30 வைக்கிறார்கள். அப்படியானால் ஒரு பிரேமைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லி விநாடி மட்டுமே. நம்மூர்க் கார் தொழிற்சாலைகளின் ஓடும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் நிற்கும் தொழிலாளி 33-க்குப் பதில் 40 எடுத்துக்கொண்டால் வரிசை முழுவதும் பிந்தும். வண்டியாவது தாமதமாக வந்து சேரும். பிரேமுக்கு அந்தச் சலுகை இல்லை, நேரம் தவறியதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதைத்தான் 'பிரேம் டிராப்' என்கிறோம்.

நேரலைக்குப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. (பெயரைக் கேட்டதும் அரசியல் நினைவுக்கு வர வேண்டாம்.) 2012-ல் வெளிவந்தது. இதில் 'ஸ்டாட்ஸ்' என்ற சிறு ஜன்னலைத் திறந்தால் மூன்று கணக்குகள் தெரியும். ரெண்டரிங் லேக் என்றால், படத்தைக் கோத்துக் காட்டும் கிராபிக்ஸ் பகுதி திணறுகிறது. என்கோடிங் லேக் என்றால், படத்தைச் சுருக்கிக் கட்டும் வேலை பிந்துகிறது. நெட்வொர்க் டிராப் என்றால் சரக்கு தயார், சாலைதான் அடைபட்டிருக்கிறது. எந்த எண் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. இதைப் பாராமல் புது கம்ப்யூட்டர் வாங்குவது, லாரி பஞ்சருக்கு இன்ஜினை மாற்றுவது போலாகும். இந்தத் தவறான செலவைச் செய்யச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு.

இன்னொரு எளிய சோதனை. நேரலை போகும்போதே அதே கம்ப்யூட்டரில் பதிவும் செய்யுங்கள். பதிவு சீராக ஓடி, நேரலை மட்டும் தடுமாறினால் குற்றம் இணையத்தில். பதிவும் தடுமாறினால் குற்றம் நம் கடைக்குள். பார்ப்பவர்களில் ஒருவர் மட்டும் குறை சொல்கிறார், மற்றவர்களுக்கு நன்றாக வருகிறது என்றால் அவருடைய செல்போன் சிக்னலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று எண்களும் பூஜ்யமாக இருந்தும் படம் வெட்டி வெட்டி வருவதுண்டு. மளிகைக் கடைகளில் இது அதிகம் என்பது என் அபிப்பிராயம். காரணம் வெளிச்சம். கிடங்கு இருட்டாக இருந்தால் கேமரா தானாகவே ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது. விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் விநாடிக்கு 15 பிரேமுக்கு மேல் எப்படி வரும்? மென்பொருளோ கிடைத்த பிரேமையே இரண்டு முறை காட்டி 30 என்று கணக்குச் சொல்லிவிடும்; ஆகவே தவறு ஏட்டில் ஏறாது. கேமராவின் அமைப்புகளில் 'லோ லைட் காம்பன்சேஷன்' என்பதை நீக்கிவிட்டு, சரக்கின் மேல் இரண்டு நல்ல எல்.இ.டி. விளக்குகளைப் போடுங்கள். அதே இடத்தில் மின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50 என்று மாற்றுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மாற்றாவிட்டால் படத்தில் கோடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். தராசின் சிவப்பு எண்கள் பாதி அழிந்தது போலத் தெரிந்தால் அதுவும் தராசின் குற்றமல்ல. கேமராவின் ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேமராவைச் செருகும் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1280-க்கு 720 அளவுள்ள படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 30 முறை அனுப்ப, ஒரு புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், சுமார் 442 மெகாபிட் வேண்டும். யு.எஸ்.பி. 2.0-ன் உச்ச வேகமே 480. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அதனால் கேமரா 10 பிரேமுக்கு இறங்கிவிடும். 'வீடியோ பார்மட்' என்ற இடத்தில் எம்.ஜெ.பி.ஈ.ஜி. என்று தேர்ந்தெடுத்தால் சுருக்கி அனுப்பும், 30 வரும். பைசா செலவில்லை.

இணையத்துக்கு வருவோம். நமக்கு வேண்டியது இறக்கும் வேகமல்ல, ஏற்றும் வேகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முன்னதைத்தான். 720 அளவுப் படத்துக்கு விநாடிக்கு 4,000 கிலோபிட் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், ஏற்றும் வேகம் 4 மெகாபிட் என்பது போதாது. 6 முதல் 8 வரை நிலையாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் 2,500-க்குக் குறைத்துக்கொள்ளலாம், பருப்பின் நிறம் கெடாது. அடிக்கடி மறந்துவிடுவது கடையின் கண்காணிப்புக் கேமராக்கள். வீட்டிலிருந்து முதலாளி செல்போனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் படமும் இதே வழியாகத்தான் வெளியே போகிறது. பில்லிங் கணக்கின் தானியங்கி நகலெடுப்பும் அப்படியே. நேரலை நேரத்தில் இரண்டையும் நிறுத்தி வையுங்கள். வைஃபை வேண்டாம், தகர ஷெட்டும் இரும்பு ரேக்கும் அதன் எதிரிகள். மோடத்திலிருந்து கேபிள் இழுத்துவிடுவதே நல்லது.

என்கோடிங் எண் ஏறினால் முதலில் 1080-லிருந்து 720-க்கு இறங்குங்கள். 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் 9 லட்சத்து 21 ஆயிரமாகக் குறையும். வேலை பாதிக்கும் கீழே போய்விடும். இன்டெல் சிப் உள்ள கம்ப்யூட்டரில் 'குவிக் சிங்க்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் சுமை பிரதான சிப்பிலிருந்து இறங்கும். ரெண்டரிங் எண் ஏறினால் திரையில் ஓடும் எழுத்து, அனிமேஷன், திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாவற்றையும் மூடுங்கள். ஒரே ஒரு மெமரி கார்டு உள்ள கம்ப்யூட்டரில் அதே மாதிரி இன்னொன்று சேர்த்தாலும் பலன் தெரியும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு கெடுகிறதா? அது சூடு. சிப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மாவும் மிளகாய்த்தூளும் பறக்கும் நம் கடைகளில் விசிறியும் அதன் துவாரங்களும் எத்தனை சீக்கிரம் அடைபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். லேப்டாப்பை மூட்டை மேல் வைக்காதீர்கள். பேட்டரியில் ஓட்டாமல் கரண்டில் செருகியே ஓட்டுங்கள்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30-க்குப் பதில் 25 பிரேம் வைக்கலாமா என்று கேட்கலாம். சுமை ஆறில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் கேமராவும் 25 தரக்கூடியதாக இருந்தால்தான் அது சரிப்படும். 30 தரும் கேமராவிலிருந்து 25 எடுத்தால் ஆறு பிரேமுக்கு ஒன்றை விட வேண்டிவரும். தராசுத் தட்டின் மேல் கை நகர்வது அப்போதும் தத்தித் தத்தித்தான் தெரியும்.