அச்சம் காக்கும் அமைதி

"சிறு நாட்டின் கையில் அணுகுண்டு கிடைத்தால் உலகம் அழியும்" என்று சென்ற ஆண்டு நம் கல்லூரிச் சொற்போரில் முழங்கினேன், கைதட்டலும் பெற்றேன். பின்னர் வட கொரியாவைப் பற்றிப் படித்தபோது, நான் கூறியது பாதி உண்மையே என உணர்ந்தேன்.

"நீ தாக்கினால் நீயும் அழிவாய்" என்னும் அச்சத்தால் போரைத் தடுப்பதே அணு ஆயுதத் தடுப்புக் கொள்கை. வட கொரியா 1985-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2003-இல் விலகுவதாக அறிவித்தது. 2006 முதல் 2017 வரை ஆறு அணுச்சோதனைகள் நடத்தியது. அமெரிக்காவிடமோ குண்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆயினும் வட கொரியா தன்னிடமுள்ள சிலவற்றைக் கைவிட மறுப்பதேன்?

லிபியாவின் கடாஃபி 2003-இல் அணுத்திட்டத்தைக் கைவிட்டார். 2011-இல் உள்நாட்டுக் கிளர்ச்சியாலும் நேட்டோவின் வான்தாக்குதலாலும் ஆட்சியை இழந்து, உயிரையும் இழந்தார். இப்பாடத்தை வட கொரியா மறக்கவில்லை. எனவே அது தற்கொலைக்குத் துணிந்த அரசன்று; பிழைத்திருக்க விரும்பும் அரசு. பிழைக்க விரும்புவோரை அச்சம் தடுக்கும்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. தென் கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஏவுகணை வந்து சேரச் சில நிமிடங்களே ஆகும். தன் அணுப்படைத் தலைமை தாக்கப்படும் நிலை வந்தால் உடனே அணுகுண்டு வீசப்படும் என 2022-இல் வட கொரியா சட்டமே இயற்றியது. அந்நிலையில் தவறான ஒரு செய்தியே பேரழிவுக்குப் போதும்.

தீய எண்ணத்தை அச்சம் தடுக்கலாம். தவறான கணக்கைத் தடுக்காது. ஆகவே படைவலியோடு பேச்சுவார்த்தையும், தலைவர்களிடையே அறுபடாத தொடர்பும் வேண்டும். அடுத்த சொற்போரில் இதையே சொல்வேன், கைதட்டல் குறைந்தாலும் சரி!